அறையை விட்டு வெளியேறியவன்

1

போன மழைக்காலத்தில் சில வாரங்கள், ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை வசந்தி என்னைப் பற்றி உறவினர் எல்லோருக்கும் ஒரு செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னண்ணை பேச்சு நடுவில் எழுந்து போகிற ஆளாகிவிட்டான் என்பதுதான் அந்தச் செய்தி. இலண்டனில் இருக்கும் மாமி மகள் தொலைபேசியில் பேசியபோது, "யோகண்ணா, இப்ப கொஞ்சம் பேசலாமோ, அல்லது எழும்பிப் போகப்போறீங்களோ?" என்று கேட்டாள். அப்போதுதான் நிலைமையின் தீவிரம் எனக்குப் புரிந்தது.

நான் எங்கும் எழுந்து போகவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் கூடத்தில், கணினிக்கு முன்னால், ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்துதான் இருந்தேன். போனது என் கணினியின் உலாவி. அதை யாரிடம் சொல்லி நம்பவைப்பது?

நாங்கள் மூன்று பேர். மூத்தவர் சுப்பிரமணியம், எங்களுக்குச் சுப்ராண்ணை. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, அண்மையில்தான் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து வாடகை வீட்டில் இருந்தார். நடுவில் நான். கடைசி வசந்தி. ஞாயிறு காலை எனக்கு விடியும்போது அவளுக்குச் சனி இரவு. இருவரும் ஓர் இலவச இணையத் தளத்தில் 'அறை' ஒன்று திறந்து, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அரட்டை அடிப்போம். தொலைபேசிச் செலவுக்கு அஞ்சிய குடும்பங்களுக்கு அந்த அறை ஒரு வரம். அண்ணையிடம் கணினி இல்லை. இங்கே பேசியதை வசந்தி பிறகு அவருக்குத் தொலைபேசியில் சொல்லுவாள். நடந்த குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

2

மலேசியாவுக்கு நான் வந்தது எண்பதுகளின் நடுவில், கல்யாணத்தின் பேரில். என் மனைவி புனிதா இங்கேயே பிறந்தவள். அவளுடைய பாட்டனார் வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். எனவே எங்களுக்குள் ஒரே தமிழ்தான் இருக்கும் என்று நம்பி வந்தேன். வந்த முதல் வாரமே அந்த நம்பிக்கை போய்விட்டது.

கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் நாள் மேலாளரைத் தேடினேன். "அவரு கம்பத்துல இருக்காரு, மத்தியானம்தான் வருவாரு" என்றார் லோரி ஓட்டுநர். நான் வெளியே வந்து மின்கம்பத்தை அண்ணாந்து பார்த்தேன். இங்கே கம்பம் என்றால் கிராமம் என்பது அவர் சிரித்து ஓய்ந்த பிறகுதான் தெரிந்தது.

இப்போதும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில்தான் போய் வருகிறேன். பெட்டியில் நான்கு மொழி காதில் விழும். நான்கும் அரைகுறையாக விளங்கும். வீட்டிலும் ஏறக்குறைய அதே நிலைதான். மகள் மாதவிக்குப் பதின்மூன்று வயது. அவள் குழந்தையாக இருந்தபோது, நான் தொலைபேசியில் அண்ணையோடு பேசுவதைக் கேட்டுவிட்டுத் தாயிடம், "அம்மா, அப்பா ஏன் போன்ல சாமி கும்பிடுறாரு?" என்று கேட்டாளாம். நான் வரிக்கு வரி "ஓம்... ஓம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தானின் 'ஆமாம்' என் பிள்ளைக்கு மந்திரமாகிவிட்டது. வளர்ந்த பிறகு அவளுக்கு அதற்கும் அக்கறை இல்லாமல் போய்விட்டது. கேட்ட கேள்விக்கு "ஓகே லா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

அண்ணையோடும் எனக்கு நீண்ட பேச்சு நின்றுபோயிருந்தது. யாழ்ப்பாணம் இருக்க முடியாத இடமான ஒரு சமயத்தில் நான் அவரை இங்கே கூப்பிட்டேன். "எல்லாரும் வெளிக்கிட்டா வீட்டை ஆர் பாக்கிறது?" என்றார். "வீட்டைப் பாருங்கோ. உங்களை ஆர் பாக்கிறது?" என்று நான் கத்திவிட்டேன். அதற்குப் பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நலம் விசாரிப்பதோடு சரி. சண்டை என்று சொல்ல முடியாது. இரண்டு பேரும் மிக மரியாதையாக நடந்துகொண்டோம்.

3

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தி அறைக்குள் வந்து, கொஞ்ச நேரம் பனியையும் காய்ச்சலையும் பற்றிக் கதைத்தாள். பிறகு, "உன்னட்டை ஒரு முக்கிய விசயம் கேக்கவேணும்" என்று எழுதினாள்.

"கேள்" என்றேன்.

திரையில் அவளுடைய வரி முளைக்கத் தொடங்கியது. மறுகணம் உலாவியின் சன்னல் முழுவதும் மறைந்தது. மாதவி திரைக்குப் பின்னணியாக வைத்திருந்த பூனைப் படம் மட்டும் என்னைப் பார்த்தது.

தளத்தை மறுபடி திறந்தேன். வெளியேறிவிட்டாய், பெயரும் கடவுச்சொல்லும் கொடு என்றது. கொடுத்து உள்ளே போனேன். அறையில் அவள் எழுதிய வரி அப்படியே இருந்திருக்கவேண்டும். நான் அதை வாசிக்குமுன் மறுபடியும் பூனை. மூன்றாம் முறையும் அதே கதை.

அவள் கேட்டது என்னவென்று பின்னால்தான் அறிந்தேன். "சுப்ராண்ணைக்கு அறுபது வருது. முதல் தரமா வெளிநாடு வர ஓம் எண்டிட்டார். உன்ரை வீட்டிலை ஒரு மாதம் நிக்கலாமோ?"

இந்தக் கேள்விக்கு அவள் திரையில் கிடைத்த பதில், அந்தத் தளம் தானாக எழுதிய ஒரே வரி: 'யோகன் அறையை விட்டு வெளியேறினார்.' மூன்று முறை.

பிறகு அவளுக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். 'இணைப்பில் ஏதோ கோளாறு. நீ என்ன கேட்டாய்? அண்ணை சுகமோ?' என்று எழுதியது போனது. அவளுடைய பதில் வந்தது. திறந்தேன். பூனை. அடுத்த முறை, 'சுப்ராண்ணை சுகமோ?' என்று தட்டினேன். கேள்விக்குறிக்குப் போகும் முன்பே பூனை. நாள்தோறும் அதையே தட்டிப் பார்த்தேன், நாள்தோறும் பூனை. சலித்துப்போய், 'இங்கே எல்லோரும் சுகம். பின்னேரத்தில் நல்ல மழை. வடிகால் அடைத்து வீதியில் வெள்ளம்' என்று எழுதினேன். அது ஒரு தடங்கலும் இல்லாமல் கனடா போய்ச் சேர்ந்தது.

அவள் இடத்தில் இருந்து பாருங்கள். அண்ணனுக்கு இடம் உண்டோ என்று கேட்டவளுக்கு, வடிகால் அடைத்த செய்தி போயிருக்கிறது.

4

கணினியைச் சுங்கை வேயில் ஒரு சின்னக் கடையில் வாங்கியிருந்தோம். அங்கே வேலை செய்யும் ரவியைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அண்ணே, டென்ஷன் ஆகாதீங்க. குக்கீஸ எல்லாம் அழிச்சிட்டீங்களா?"

"பிஸ்கட்டோ?"

"அது இல்லண்ணே. நீங்க உள்ள வந்திருக்கீங்கன்னு சைட்டு ஞாபகம் வச்சிக்கிறதுக்கு ஒரு துண்டு வைக்கும். அதுல கோளாறா இருக்கும். அழிச்சிட்டுத் திரும்ப லாகின் பண்ணுங்க."

அழித்தேன். என்னை மட்டுமல்ல, மாதவியையும் எல்லாத் தளமும் மறந்துபோயின. பூனை மட்டும் வந்துகொண்டே இருந்தது.

பிறகு அவர் சொன்னபடி உலாவியின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போனேன். அங்கே நமக்கு நம்பிக்கையான தளங்களைச் சேர்த்துவைக்க ஓர் இடம் இருந்தது. அரட்டைத் தளத்தைச் சேர்த்தேன், மின்னஞ்சல் தளத்தைச் சேர்த்தேன், யாழ்ப்பாணச் செய்தி போடும் தளத்தைச் சேர்த்தேன். பாதுகாப்பை ஆகக் கீழே இறக்கினேன். உலகத்துத் திருடர் எல்லோரும் வரலாம் என்ற நிலையில் கணினியை வைத்த பிறகும், என் சொந்தத் தங்கையை அது உள்ளே விடவில்லை.

கிள்ளான் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் இப்ராஹிமுக்குக் கணினி கைவந்த கலை. கதையை மலாயில் கேட்டுவிட்டு, என்ன செய்யவேண்டும் என்று விவரமாக மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவும் செய்தார். வீட்டுக்கு வந்து ஆவலோடு அதைத் திறந்தேன். முதல் வரியை வாசிக்கவும் விடாமல் மூடிக்கொண்டது. அடுத்த நாள் அவர், "சொன்னபடி செய்தாயா?" என்று கேட்டார். வாசிக்க முடியவில்லை என்றேன். மறுபடி அனுப்பினார். மறுபடி மூடியது. மூன்றாம் நாள் அவர் என்னைப் பார்த்த பார்வையில் வசந்தியின் சாயல் தெரிந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை, தெரு முனையில் இருந்த இணையக் கடைக்குப் போனேன். பள்ளிப் பையன்கள் துப்பாக்கி விளையாட்டில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருக்க, நடுவில் இடம் பிடித்து மின்னஞ்சலைத் திறந்தேன். எல்லாமே திறந்தன. வசந்தியின் கேள்வியை அங்கேதான் முதல் முதலில் வாசித்தேன். அதற்குக் கீழே அவளுடைய கோபங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. கடைசி அஞ்சல் சின்னது: "சுப்ராண்ணை பயணம் வேண்டாம் எண்டிட்டார். அவனைக் கரைச்சல்படுத்தாதை எண்டு எனக்கும் சொல்லிப்போட்டார். உனக்கு நிம்மதி தானே?"

காதுப் பக்கம் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு ஓடிவந்து வசந்தியை அழைத்தேன். "மெஷின் மேலை பழியைப் போடாதை" என்றாள். "மழையைப் பற்றி எழுதேக்கை வேலை செய்யிற மெஷின், அண்ணையைப் பற்றி எழுதேக்கை மட்டும் பழுதாகுமோ?"

நல்ல கேள்வி.

அண்ணையை அழைத்தேன். கணினி மூடிக்கொண்ட கதையைச் சொல்லி, வாருங்கோ என்று கெஞ்சினேன். அவர் குரல் எழுதி வாசித்ததுபோல் இருந்தது. "பரவாயில்லை தம்பி. உனக்கும் வேலை, பிள்ளைக்கும் படிப்பு. பிறகொருக்காப் பாப்பம்." அந்தப் 'பரவாயில்லை' எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் பரீட்சை தவறிய பிள்ளையின் தகப்பனிடம் சொல்லுகிற 'பரவாயில்லை' அது.

5

அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் மாதவியின் பள்ளி ஆங்கிலக் கட்டுரை கிடந்தது. தோழிகளோடு சேர்ந்து எழுதியது. இவள் தன் பங்கை மின்னஞ்சலில் அனுப்ப, தோழி வீட்டில் அச்செடுத்திருக்கிறார்கள். பக்கம் முழுவதும் ஆசிரியையின் சிவப்பு வட்டங்கள். அல்ஜீப்ராவில் ஓர் எழுத்தை மாற்றி 'அல்ஜிபிரி' என்பதுபோல எழுதியிருந்தாள். லைப்ரரியில் ஓர் எழுத்தையே காணோம். எல்லா இடத்திலும் அதே பிழை.

"என்ன பிள்ளை இது? லைப்ரரிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதோ?"

"தெரியும்ப்பா. சரியா எழுதினா மூடிக்கும்."

"என்ன மூடிக்கும்?"

"நம்ம பிரௌசர்தான். அல்ஜீப்ரான்னு சரியா அடிச்சா உடனே போயிரும். தப்பா அடிச்சா போகாது. ரொம்ப நாளா அப்படித்தான்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கலையேப்பா" என்றாள். உண்மையான ஆச்சரியம் அது. வீட்டில் ஒரு பொருள் இப்படித்தான் என்றால் அதற்கேற்ப நடந்துகொள்ளவேண்டியதுதானே என்ற மாதிரி.

கையைக் கழுவிவிட்டு மூவரும் கணினி முன்னால் கூடினோம். மாதவி தட்டினாள். அல்ஜீப்ரா: பூனை. லைப்ரரி: பூனை. எனக்கு ஒரு பொறி தட்டியது. "இப்ராஹிம் எண்டு அடி" என்றேன். பூனை. பிறகு மெதுவாக, "பெரியப்பாவின்ரை பேரை அடி" என்றேன். சுப்ரா. பூனை.

"எல்லாத்துலயும் அதே மூணு எழுத்து வருதுப்பா!" என்று கத்தினாள் மாதவி. "பி, ஆர், ஏ!" சத்தமாகச் சேர்த்து வாசித்தவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னால் ஒரு விசித்திரமான சத்தம். புனிதா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவள் சமையலறைக்குப் போய் அங்கே கொஞ்சம் சிரித்து, தண்ணீர் குடித்து, திரும்பி வந்து மறுபடி சிரித்தாள்.

"என்னங்க... தப்பு என்மேலதான்" என்றாள் ஒருவழியாக. "கம்பியூட்டர் வாங்கின அன்னிக்கு நீங்க காரை எடுக்கப் போனீங்கள்ல. அப்ப ரவிகிட்டச் சொல்லி ஒரு காவல் புரோகிராம் போடச் சொன்னேன். அசிங்கமான வார்த்தை வந்தா சத்தமில்லாம மூடிரும். புள்ளைக்காகத்தான்."

"அப்ப எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவள் கூரையைப் பார்த்தாள். "புள்ளைக்கு மட்டுந்தான்னு நான் சொல்லலையே."

மாதவி இதை மிகவும் இரசித்தாள்.

ரவியை அழைத்தேன். "அண்ணே, அக்கா சொல்லவேணாம்னாங்க" என்றார் பரிதாபமாக. "ஆனா அது கெட்ட சைட்ட மட்டுந்தானே மூடும்? உங்க தங்கச்சிய ஏன் மூடப்போகுது?"

அந்தக் காவல்காரனுக்குச் சொல் எது, சொல்லின் துண்டு எது என்று தெரியாது. பெண்கள் உள்ளே அணியும் ஒன்றின் பெயர் அதன் கறுப்புப் பட்டியலில் இருந்தது. அந்த மூன்று எழுத்தும் எங்கே வந்தாலும், இப்ராஹிமின் நடுவில் வந்தாலும், எங்கள் தலைமையாசிரியரின் நடுவில் வந்தாலும், கதவைச் சாத்திவிடும்.

6

இதை வசந்தியிடம் சொல்வது எளிதாக இருந்தது. அவள் கனடாவில் சிரித்த சிரிப்பில் அவள் புருசன் பயந்து எழுந்து வந்தாராம். ஆனால் அண்ணையிடம் நானே சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அவள் வாயால் போன தவறான செய்தி போதும்.

அண்ணைக்கு முன்னால் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. அவரிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தேன். புனிதா மாதவியை உள்ளே போகச் சொன்னாள். அவள் போகவில்லை.

"அண்ணை, உலாவி ஏன் மூடினது எண்டு கண்டுபிடிச்சிட்டம்."

"ஓ."

"புனிதா பிள்ளைக்காக ஒரு காவல் போட்டிருக்கிறா. கூடாத சொல் வந்தா மூடும். உங்கடை பேருக்குள்ளை ஒரு கூடாத சொல் இருக்குது."

"என்ரை பேருக்குள்ளையோ? அது முருகன்ரை பேரெல்லோ?"

"தமிழிலை முருகன்தான் அண்ணை. இங்கிலீசிலை நடுவிலை மூண்டு எழுத்து... பொம்பிளையள் உள்ளுக்குப் போடுறது."

கொழும்பில் அவர் மனதுக்குள் எழுத்துக் கூட்டுவது எனக்குக் கேட்பதுபோல் இருந்தது. பிறகு ஓர் இருமல் போல ஏதோ வந்தது. அது இருமல் அல்ல. எங்கள் அண்ணை சிரித்ததை நான் கடைசியாகக் கேட்டது எப்போது என்று நினைவில்லை. அவர் நிறுத்தமாட்டாமல் சிரித்தார். "அறுவது வருசம்," என்றார் இடையில், "அறுவது வருசம் ஆரும் கவனிக்கேல்லையடா!"

சிரிப்பு அடங்கியது. பிறகு கேட்டார்: "கனதரம் மூடினதோ?"

"ஓம் அண்ணை. ஒவ்வொரு நாளும்."

"வசந்தி எழுதினதுக்கோ, நீ எழுதினதுக்கோ?"

"ரெண்டுக்கும். அவள் எழுதினது கொஞ்சம். பிறகு முழுக்க நான்தான்."

"அப்ப ஒவ்வொரு நாளும் என்ரை பேரை எழுதியிருக்கிறாய்" என்றார்.

எனக்கே கேட்காத குரலில் 'ஓம்' என்றேன். பரவாயில்லை, அவருக்குக் கேட்டிருக்கும்.

"வாற மாசம் வாறன்" என்றார். "புனிதாவிட்டைச் சொல்லு, அந்தக் காவலை இப்ப எடுக்கவேண்டாம் எண்டு. நான் வந்து ஒருக்கா அடிச்சுப் பாக்கவேணும்."

7

விசா விசயமாகக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த அதிகாரி இரண்டு பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் யோகநாதன், ஆறுமுகத்தின் மகன் என்று இந்த நாட்டு வழக்கப்படி. அண்ணையின் கடவுச்சீட்டில், அந்த நாட்டு வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால்: ஆறுமுகம் சுப்பிரமணியம்.

"ஆறுமுகம் உங்கள் அப்பா. அப்படியென்றால் நீங்கள் அழைப்பது உங்கள் அப்பாவைத்தானே?" என்றார் மலாயில்.

"இல்லை, அண்ணனை."

"அண்ணன் பெயரும் ஆறுமுகமா?"

அரைமணி நேரம் விளக்கினேன். கடைசியில் அவர் சலித்துப்போய் முத்திரை குத்தினார். அவர் எங்களைத் தகப்பனும் மகனுமாகத்தான் பதிந்திருப்பார் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். அண்ணைக்குச் சொன்னபோது, "அதுவும் பிழையில்லை" என்றார்.

அவர் வந்தார். முதல் ஞாயிறு காலையே குளித்து, நீறு பூசி, சட்டை மாற்றிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் மாதவி. எப்போதும் அறைக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளை, பெரியப்பாவுக்கு விசைப்பலகை சொல்லிக்கொடுக்க விடியமுன் எழுந்திருந்தாள். "ஓம் பெரியப்பா, அதேதான், ஓம்" என்று அவள் சொல்லுவது சமையலறை வரை கேட்டது. புனிதா என்னைப் பார்த்தாள். நான் தேநீரைக் குடித்தேன்.

வசந்தி அறைக்குள் வந்துவிட்டாள். அண்ணை ஒரே விரலால், கரும்பலகையில் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். "அன்புள்ள தங்கச்சிக்கு, நான் சு..." நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் தோளுக்குப் பின்னால் நின்றோம். ஓர் எழுத்து. இன்னோர் எழுத்து. இன்னும் ஒன்று. சன்னல் மறைந்தது.

அண்ணை இரண்டு கையையும் தட்டிச் சிரித்தார். "அச்சாப் பிள்ளை! கடமையைச் செய்யுது!"

ஒரு நிமிடம் ஆகவில்லை, தொலைபேசி அடித்தது. எடுத்தேன். வசந்தியின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"இப்ப ஆர் கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போனது?"

அண்ணை கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினார்.

"நான்தான் பிள்ளை" என்றார். "வெளியேறினதாத்தான் உனக்குக் காட்டும். நம்பாதை. நான் வீட்டுக்குள்ளைதான் இருக்கிறன்."